சின்ன விசயம், யாருக்குச் சின்னது?

கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும் முதல் நாள் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "சமருக்கு என்ன செய்தனீ?" சிலர் கியூபா போயிருப்பார்கள். சிலர் ஊருக்குப் போய் வந்து கையில் நுளம்புக்கடித் தழும்பைக் காட்டுவார்கள். எங்களில் கனபேர் ஸ்காபரோவை விட்டு அசைந்திருக்கவே மாட்டோம். "ஒன்றும் செய்யேல்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவோம்.

ஆனால் ஒன்றுமே நடக்காத கோடை என்று ஒன்று கிடையாது. எத்தனையோ நடக்கும். மாம்பழப் பெட்டியின் அடி ஈரமாகிக் கார் சீட் முழுக்கச் சாறு ஊறும். ரக்கூன் வந்து குப்பையைக் கிளறிவிட்டுப் போகும். புதுச் சட்டையில் ஐஸ்கிறீம் உருகி ஒழுகும். மழையில் போன் நனையும். வொண்டர்லாண்டில் மூன்று மணித்தியாலம் வரிசையில் நின்று, எங்கள் முறை வரும்போது இடி இடித்து ரைட்டை மூடிவிடுவார்கள். இவற்றையெல்லாம் நாங்கள் கதையாகச் சொல்வதில்லை. காரணம், எல்லாமே "சின்ன விசயம்".

இந்த வருடக் கோடை முழுக்க நான் யோசித்துக்கொண்டிருந்தது இந்தச் சொல்லைப் பற்றித்தான். எங்கள் வீடுகளில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை இதைச் சொல்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். "சின்ன விசயம், விடு." "இதெல்லாம் ஒரு பிரச்சினையே?" கேட்க நன்றாகத்தான் இருக்கும், பெருந்தன்மை மாதிரி. ஆனால் ஒரு விசயம் எனக்குச் சின்னதாக இருப்பதற்குக் காரணம், அதன் பாரத்தை வேறு யாரோ தூக்கிக்கொண்டதுதான் என்றால்? அப்போது அந்தச் சொல் பெருந்தன்மை இல்லை. ஒரு மூடி. அதைத் திறந்து பார்க்கவேண்டும் என்பதுதான் என் கருத்து.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஜூலை மாதம் ஒரு மத்தியானம், மார்க்கம் வீதியும் எல்ஸ்மெயர் வீதியும் சந்திக்கும் இடத்தில் பஸ்ஸுக்கு நின்றேன். நிற்கும்போதே என் செருப்பின் வார் அறுந்துவிட்டது. தார் றோட்டு கொதித்துக்கொண்டிருந்தது. ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நிற்க வேண்டியதாகிவிட்டது. பக்கத்தில் ஒரு மாமி நின்றா. முன்பின் தெரியாதவ. "பொறு பிள்ளை, இப்பிடியே எப்பிடிப் போவாய்? கொண்டா இங்க" என்று செருப்பை வாங்கி, கைப்பையிலிருந்து இரண்டு சேஃப்டி பின் எடுத்து, வாரைக் கோர்க்கத் தொடங்கினா. மாமியின் கையில் என் செருப்பு, என் கையில் மாமியின் பை. அந்த நேரம் பார்த்து பஸ் வந்தது, நின்றது, போனது.

"ஐயோ மாமி, உங்கட பஸ்!" என்றேன்.

"அது சின்ன விசயம் பிள்ளை. அடுத்தது வரும்தானே."

அடுத்தது வரப் பதினான்கு நிமிடம் எடுத்தது. நான் நண்பியோடு படம் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு அந்தப் பதினான்கு நிமிடம் என்பது படத்துக்கு முன்னால் ஓடும் விளம்பரம் மட்டும்தான். மாமியோடு கதைத்துக்கொண்டு நின்றபோதுதான் அவவின் கணக்கு விளங்கியது. அவ ஒரு தொழிற்சாலையில் பொதி கட்டும் வேலைக்குப் போகிறா. ஏஜென்சி மூலம் கிடைத்த வேலை. மூன்று மணிக்கு அட்டை அடிக்கவேண்டும். ஐந்து நிமிடம் பிந்தினாலும் கால் மணித்தியாலச் சம்பளம் போய்விடும். அடிக்கடி பிந்தினால் அடுத்த கிழமை வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள். இதையெல்லாம் அவ முறைப்பாடாகச் சொல்லவில்லை. மழை பெய்யும், வெயில் அடிக்கும் என்பது மாதிரிச் சொன்னா. சொல்லி முடித்துவிட்டு, "செருப்பு இண்டைக்குத் தாங்கும், நாளைக்குப் புதுசு வாங்கு" என்றா.

ஒரே பஸ், ஒரே பதினான்கு நிமிடம். எனக்கு விளம்பரம், அவவுக்குச் சம்பளம். ஆனால் "சின்ன விசயம்" என்று சொன்னவர் அவதான். நான் கவனித்தது இதைத்தான்: எங்கள் ஆட்களில் எவருக்குப் பாரம் கூடவோ அவர்தான் முதலில் அந்தச் சொல்லைச் சொல்கிறார்.

இது ஒரு மாமியின் கதை மட்டும் இல்லை. ஸ்காபரோவில் வளர்ந்த எல்லாருக்கும் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். கெனடியில் இருந்து மக்கோவன் வரை ஓடிய அந்தச் சின்ன ரயில், நாங்கள் "ஆர்.ரி" என்று சொல்கிற மூன்றாம் இலக்கப் பாதை, நினைவிருக்கிறதா? 1985 மார்ச்சில் தொடங்கியது. ஆறு நிலையங்கள், ஏறக்குறைய ஆறரைக் கிலோமீற்றர். 2023 ஜூலை 24 ஆம் திகதி மாலை, எல்ஸ்மெயர் நிலையத்துக்குக் கிட்ட, ரயிலின் கடைசிப் பெட்டி கழன்று தண்டவாளத்தை விட்டு விலகியது. ஐந்து பேருக்குக் காயம். "சிறு காயங்கள்" என்று செய்திகள் சொன்னன. நல்ல காலம், உண்மையிலேயே பெரிய ஆபத்து ஒன்றும் நடக்கவில்லை.

ஆனால் அந்த ரயில் பிறகு ஓடவே இல்லை. எப்படியும் அந்த வருடம் நவம்பரில் மூடுவதாக இருந்ததால், திரும்பத் திறப்பதில்லை என்று ஓகஸ்ட்டில் முடிவு சொன்னார்கள். அதன் இடத்தில் பஸ்கள் வந்தன. அந்தப் பக்கத்துக்கான புதிய சுரங்கப்பாதை இன்னும் கட்டுமானத்தில் இருக்கிறது.

விபத்து ஒரு மாலை நேரத்துச் செய்தி. அதற்குப் பிறகு வந்த காத்திருப்பு செய்தியே இல்லை. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பாதை மாறியதால் ஒருவருக்குப் போகக் கால் மணித்தியாலம், வரக் கால் மணித்தியாலம் கூடுதலாகிறது என்று வைத்துக்கொள்வோம். கிழமைக்கு ஐந்து நாள், வருடத்துக்கு ஐம்பது கிழமை. மொத்தம் 125 மணித்தியாலம். அதாவது இரவு பகலாக ஐந்து நாளுக்கும் மேல். கால் மணித்தியாலம் என்று கேட்டால் ஒன்றுமில்லை. ஐந்து நாள் என்று கேட்டால்? வீட்டில் கார் உள்ளவருக்கு இந்தக் கணக்கே வராது. இல்லாதவருக்கு அது பிள்ளையோடு சாப்பிடும் நேரத்திலிருந்தும் நித்திரை கொள்ளும் நேரத்திலிருந்தும் கழிந்துகொண்டே இருக்கும்.

அப்படியானால் ஏன் யாரும் வாய் திறப்பதில்லை? எங்கள் சமூகத்தில் இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை மரியாதையோடுதான் சொல்லவேண்டும்.

2003 ஓகஸ்ட் 14, வியாழக்கிழமை, மாலை நான்கு மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் ரொறன்ரோ முழுக்கக் கரண்ட் போனது. நான் அப்போது பிறக்கவில்லை. அம்மா சொல்லக் கேட்டதுதான். ஒன்ராறியோவிலும் அமெரிக்காவின் எட்டு மாநிலங்களிலுமாக ஏறக்குறைய ஐந்து கோடிப் பேர் இருட்டில் இருந்தார்கள். அது எப்படித் தொடங்கியது தெரியுமா? ஒஹையோ மாநிலத்தில் மின்கம்பிகள் தாழ்ந்து, வெட்டாமல் விட்ட மரங்களில் பட்டன. அதே நேரத்தில் அங்கே கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மணி அடிக்கவேண்டிய மென்பொருள் பழுதாகிக் கிடந்தது. ஒரு மரம், ஒரு கம்பி, அடிக்காத ஒரு மணி. யாரோ "சின்ன விசயம்" என்று விட்டவைதான்.

அம்மாவும் அப்பாவும் அப்போது பதினோராம் மாடியில் இருந்தார்கள். லிஃப்ட் இல்லை. படியில் ஏறி வந்தார்களாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் பதறிப்போய் நிற்க, இவர்கள் மட்டும் அமைதியாக இருந்தார்களாம். "எங்களுக்கு இது புதுசே?" என்று அம்மா சிரிப்பா. 1990 இல் இருந்து வருடக்கணக்காக யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் பஞ்சைத் திரியாக வைத்து, கொஞ்ச எண்ணெயில் எரியவிட்டு, அந்த வெளிச்சத்தில் படித்துச் சோதனை எடுத்தவர்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் கரண்ட்டில் ரேடியோவில் செய்தி கேட்டவர்கள். அவர்களுக்கு ரொறன்ரோவில் ஒரு இரவு இருட்டு என்பது விடுமுறை மாதிரி. அன்றைக்கு இரவு வானத்தில் அத்தனை நட்சத்திரம் தெரிந்ததாம். இந்த நாட்டுக்கு வந்த பிறகு முதல் தடவையாக ஊர் வானத்தைப் பார்த்ததாக அம்மா சொல்லுவா.

எனக்கு மிகவும் பிடித்த கதை இது. ஆனால் இதே கதைக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. அவ்வளவையும் பட்டு வந்தவர்களுக்கு, அதற்குப் பிறகு எதுவுமே "பிரச்சினை" என்ற அளவுக்கு வருவதில்லை. செல் விழவில்லை, இடம்பெயரவில்லை, ஆட்கள் காணாமல் போகவில்லை. அப்படியென்றால் சின்ன விசயம். அந்த அளவுகோல் அவர்களைக் காப்பாற்றியது. இங்கே அதே அளவுகோல் அவர்களை வாய் மூட வைக்கிறது. எங்களையும்தான். "நாங்கள் பட்டதோட பார்த்தா இது என்ன?" என்று ஒருவர் சொன்னால், அதற்குமேல் கதைக்க எங்களுக்கு வாய் வராது. அவர்கள் பட்டது உண்மை. ஆனால் பெரிய துன்பம் ஒன்று இருந்தது என்பதற்காகச் சின்னத் துன்பம் இல்லாமல் போவதில்லை. கால் முறிந்தவருக்கும் பல்லு வலித்தால் வலிதானே?

இந்த அளவுகோல் சில வேளை ஆபத்தாகவும் முடியும். அம்மம்மா ஒரு பழைய அடுக்குமாடியின் மேல் மாடியில் தனியாக இருக்கிறா. ஜன்னல் மேற்குப் பக்கம். ஜூன் மாத வெக்கையில் போன் எடுத்துக் கேட்டால், "இதென்ன வெக்கை? ஊரில பாக்காத வெக்கையே?" என்பா. ஏ.சி இருக்கிறது, போடமாட்டா. கரண்ட் பில் வருமாம், குளிர் காற்று முழங்காலுக்குக் கூடாதாம்.

ஊரில் இதைவிட வெக்கை என்பது சரிதான். ஆனால் ஊர் வீட்டில் விறாந்தை இருந்தது. முற்றத்தில் வேம்பும் மாமரமும் நின்றன. கிணற்றில் நாலு வாளி அள்ளிக் குளித்தால் உடம்பு குளிர்ந்துவிடும். பின்னேரம் கதிரையை வெளியே போட்டு இருக்கலாம், போகிற வருகிறவர்கள் கதைப்பார்கள், ஒருநாள் வெளியே வராவிட்டால் "என்ன ஆளைக் காணேல்லை?" என்று வந்து பார்ப்பார்கள். இங்கே பகல் முழுக்க வெயில் குடித்த கொங்கிரீட் சுவர், இரவு முழுக்க அந்தச் சூட்டை வீட்டுக்குள் கக்கிக்கொண்டிருக்கும். கதவு பூட்டியிருக்கும். யாரும் தட்டமாட்டார்கள்.

2021 ஜூன் கடைசியில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் என்ன நடந்தது என்று இங்கே கனபேருக்குத் தெரியாது. லிட்டன் என்ற சிற்றூரில் 49.6 பாகை பதிவானது. அந்த ஒரு கிழமை வெக்கையில் மாகாணத்தில் 619 பேர் இறந்தார்கள். அவர்களில் 98 வீதமானவர்கள் வீட்டுக்குள்தான் இருந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் 70 வயதும் அதற்கு மேலும். பாதிக்கு மேற்பட்டவர்கள் தனியாக வாழ்ந்தவர்கள். வெக்கை புயல் மாதிரிச் சத்தம் போட்டு வருவதில்லை. "கொஞ்சம் களைப்பா இருக்கு, சின்ன விசயம்" என்று படுப்பவர்களைத் தேடித்தான் வருகிறது.

குளிர்காலத்தில் வாடகை வீட்டுக்கு இத்தனை பாகை வெப்பமாவது கொடுக்கவேண்டும் என்று ரொறன்ரோவில் சட்டம் இருக்கிறது. கோடையில் எந்த வீடும் இத்தனை பாகைக்கு மேல் போகக்கூடாது என்றும் ஒரு வரம்பு வேண்டும் என வாடகைக்கு இருப்பவர்கள் பல வருடமாகக் கேட்டு வருகிறார்கள். குளிரைப் பிரச்சினை என்று ஏற்றுக்கொண்ட நகரம், வெக்கையை இன்னும் "சின்ன விசயம்" பட்டியலில்தான் வைத்திருந்தது.

அம்மம்மாவோடு வாதாடி வெல்ல முடியாது என்று எனக்குத் தெரியும். அதனால் டொலர் கடையில் ஒரு வெப்பமானி வாங்கி அவவின் சாமியறைத் தட்டுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன். இரவு பத்து மணிக்குப் போன் எடுத்து, "எத்தினை காட்டுது?" என்று கேட்டேன். "முப்பத்தொண்டு" என்றா. கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அவவாகவே, "கொஞ்சம் கூடத்தான் போல" என்றா. என் வார்த்தைக்கு மசியாதவ, எண்ணுக்கு மசிந்துவிட்டா. இப்போது பகலில் மூன்று மணித்தியாலம் ஏ.சி போடுகிறா. முழங்காலுக்குப் போர்வை.

வெக்கையைப் போலத்தான் மழையும். 2024 ஜூலை 16 ஆம் திகதி, மூன்று மணித்தியாலம் பெய்த மழையில் நகரமே நின்றுபோனது. பியர்சன் விமான நிலையத்தில் ஏறக்குறைய 98 மில்லிமீற்றர் மழை பதிவானது. டொன் வலி நெடுஞ்சாலை ஆறாகி, கார்கள் மிதந்தன. அன்றைக்குப் பாடகர் டிரேக்கின் மாளிகைக்குள்ளும் சேற்றுத் தண்ணீர் புகுந்தது. அவர் அதைப் படம் பிடித்துப் போட்டார். நாங்கள் எல்லாரும் பார்த்துச் சிரித்தோம், "பாவம் டிரேக்" என்று பகிர்ந்தோம்.

அதே மழை என் நண்பி ஒருத்தியின் பேஸ்மென்ட் வீட்டுக்குள்ளும் போனது. அவள் படம் எதுவும் போடவில்லை. கணுக்கால் அளவுத் தண்ணீர்தான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நிலத்தில் ஒரு காட்போட் பெட்டி இருந்தது. அதற்குள் அவளின் அப்பாவின் குடும்பப் படங்கள், ஊரில் இருந்து பத்திரமாகக் கொண்டு வந்தவை. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தால் முகங்கள் உரிந்து வந்தன. "பரவாயில்லை, சாமான்தானே" என்று அவளின் அப்பா சொன்னாராம். மாளிகையின் தரைக்கு மாற்றுத் தரை கிடைக்கும். அந்தப் பெட்டிக்கு மாற்று எங்கே கிடைக்கும்? ரொறன்ரோவில் பேஸ்மென்டில் குடியிருப்பவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள்: புதிதாக வந்தவர்கள், மாணவர்கள், வாடகைக்குத் தட்டுப்படுகிற குடும்பங்கள். ஒரே மழை எல்லார் தலையிலும் பெய்கிறது. ஆனால் தண்ணீர் எப்போதும் கீழ்நோக்கித்தான் ஓடும்.

சரி, சின்ன விசயத்தை யாரும் கவனிக்கவே மாட்டார்களா என்றால், கவனிப்பார்கள். அதற்கு ரக்கூன்தான் சாட்சி.

எங்கள் வீட்டில் சனிக்கிழமை என்றால் மீன். மீன் தலையும் செதிலும் பச்சை நிறக் குப்பைத்தொட்டிக்குள் போகும். அன்றைக்கு இரவு ரக்கூன் குடும்பம் விருந்துக்கு வரும். ஞாயிறு விடிய முற்றம் முழுக்க மீன் முள்ளு. அப்பா பாகல் பந்தலுக்குக் கீழே நின்று வேறு எங்கும் சொல்லாத வார்த்தைகளைச் சொல்லுவார். நகரம் முழுக்க இதே கதைதான். நகரசபை என்ன செய்தது? ரக்கூனால் திறக்க முடியாத பூட்டு வைத்த புதிய தொட்டிகளைச் செய்வித்து, 2016 இல் இருந்து வீடு வீடாகக் கொடுத்தது. பல மில்லியன் டொலர் செலவு. அவற்றையும் திறக்கப் பழகிய கெட்டிக்கார ரக்கூன்கள் உண்டு என்பது வேறு கதை.

நான் இதைக் கேலிக்குச் சொல்லவில்லை. குப்பை சிந்துவது சின்ன விசயம்தான். ஆனால் வீடும் முற்றமும் உள்ள ஆயிரக்கணக்கானவர்கள் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள், நகரம் காது கொடுத்தது. ஆக, ஒரு விசயம் கவனிக்கப்படுவது அது பெரிது என்பதால் மட்டும் இல்லை. யார் சொல்கிறார்கள், எத்தனை பேர் சொல்கிறார்கள், எத்தனை தரம் சொல்கிறார்கள் என்பதாலும்தான். சொல்லாதவர்களின் விசயம் எப்போதும் சின்னதாகவே இருந்துவிடும்.

"அப்ப எல்லாத்துக்கும் அழச் சொல்லுறியா?" என்று என் தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. இல்லை. உண்மையிலேயே சின்ன விசயங்கள் இருக்கின்றன, அவை கோடையின் அழகு. மாம்பழச் சாறு ஊறிய கார் சீட் ஒரு மாதத்துக்கு மணக்கும், அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கலாம். இடி இடித்து ரைட்டை மூடியதால் வாகனத் தரிப்பிடத்தில் இருந்து தின்ற கட்லெட்தான் அந்த நாளிலேயே ருசியான விசயமாக இருந்திருக்கும். இவற்றைப் பிரச்சினையாக்கினால் வாழ்க்கை நரகம்.

எது எது என்று பிரித்துப் பார்க்க நான் இரண்டு கேள்வி வைத்திருக்கிறேன். ஒன்று: இதற்கு யார் விலை கொடுக்கிறார்கள்? நான் மட்டும் என்றால், விலையும் ஒரு சட்டைக்கறை அளவு என்றால், சிரித்துவிட்டுப் போகலாம். வேறு யாரோ என்றால் நின்று பார்க்கவேண்டும். இரண்டு: இது திரும்பத் திரும்ப நடக்கிறதா? ஒரு தரம் பஸ் தவறினால் அது தற்செயல். ஒரே ஆட்களுக்கு ஒவ்வொரு நாளும் தவறினால் அதைத் தற்செயல் என்று சொல்லமுடியாது.

இரண்டுக்கும் பதில் பிழையாக வந்தால் என்ன செய்வது? நாங்கள் பிரதமர் இல்லை, நகர மேயரும் இல்லை. ஆனால் எங்கள் வயதுக்காரரிடம் மூன்று சாமான் இருக்கிறது: நேரம், போன், இரண்டு மொழி. 311 என்ற நகரசபை இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். 180 க்கும் மேற்பட்ட மொழிகளில் மொழிபெயர்த்து உதவுவார்கள். இது எங்கள் வீட்டுப் பெரியவர்களில் கனபேருக்குத் தெரியாது, தெரிந்தாலும் எடுக்கமாட்டார்கள். நீங்கள் எடுத்துக் கொடுக்கலாம். வீட்டில் வெக்கை என்றால் பாகையையும் நேரத்தையும் ஒரு கடதாசியில் எழுதி வைக்கலாம். தண்ணீர் வந்தால் துடைப்பதற்கு முன் படம் எடுக்கலாம். மிகவும் வெக்கையான நாளில் அம்மம்மாவையோ அப்பப்பாவையோ நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். மல்வேர்ன், செடார்பிரே மாதிரியான கிளைகளில் தமிழ்ப் புத்தகங்களும் இருக்கின்றன. குளிருக்குக் குளிர், வாசிப்புக்கு வாசிப்பு, காசும் இல்லை.

எல்லாவற்றிலும் சுலபமானது ஒன்று இருக்கிறது. "எப்பிடி இருக்கிறீங்கள்?" என்று கேட்பதை நிறுத்துங்கள். அதற்கு எங்கள் ஆட்களிடம் ஒரு பதில்தான் உண்டு: "நல்லா இருக்கிறன்." அதற்குப் பதிலாக, பதில் சொல்லியே ஆகவேண்டிய கேள்வியாகக் கேளுங்கள். "நேற்று இரவு எத்தினை மணிக்கு நித்திரை கொண்டீங்கள்?" "வேலைக்குப் போக இண்டைக்கு எத்தினை பஸ் மாறினீங்கள்?" "வீட்டுக்குள்ள இப்ப எத்தினை பாகை?" பதில் வந்ததும் "அப்ப சரி" என்று வைத்துவிடாமல், இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள்.

கோடை முடிய இன்னும் சில கிழமைகள் இருக்கின்றன. இன்றைக்கு இரவு யாராவது உங்களிடம் "அது சின்ன விசயம்" என்று சொன்னால், உடனே தலையாட்டிவிடாதீர்கள். யாருக்கு என்று ஒரு தரம் கேட்டுப் பாருங்கள்.